அரட்டை அடிக்கட்டும் சார், அப்புறம் என்னாச்சுன்னு நீங்க எழுதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன். கிரிக்கெட் ரசிகர்கள் எதுக்கெடுத்தாலும் ஃபிக்சிங், ஸ்கிரிப்ட்னு சொல்றாங்க, மேட்ச் முடிஞ்சதும் அதே வாயால ஏலியன் வந்துட்டான்னும் பேசுறாங்க, யாருமே யோசிக்கிறதில்லன்னு எழுதியிருந்தீங்க. இதை என்னால அப்படியே ஏத்துக்க முடியல. நான் தினமும் உக்காந்து கேக்குற பேச்சு அது, அதுல சந்தேகமும் இருக்கு, கற்பனையும் இருக்கு, ஆனா யோசனையே இல்லன்னு சொல்றது ரொம்ப அநியாயம்.

2024 ஐபிஎல் நேரத்துல எங்க ஏரியா டீக்கடைல நடந்ததை சொல்றேன். ஏப்ரல் 11, வான்கடேல மும்பை - பெங்களூரு மேட்ச், டாஸ் போட்ட காயினை குனிஞ்சு எடுக்கும்போது மேட்ச் ரெஃப்ரி அதை புரட்டிட்டாருன்னு ஒரு வீடியோ சுத்துச்சே, ஞாபகம் இருக்கும். ஒரு தம்பி போனை பிஸ்கட் பாட்டில்ல சாய்ச்சு வச்சுட்டு அந்த வீடியோவ ஸ்லோமோஷன்ல ஓட்டி, விரல் தரையில படுற இடத்துல கரெக்டா நிறுத்தி, "இங்க பாருங்கண்ணே, கை திரும்புது"ன்னான். லோடு ஆட்டோ ஓட்டுற அண்ணன் ஒருத்தர் டீ கிளாஸை கீழ வச்சிட்டு கிட்ட வந்து பாத்தாரு. "கை திரும்புதுடா, சரி. காயின் திரும்புதா? இதுல காயினே தெரியலையே, வேற ஆங்கிள் இருந்தா காட்டு"ன்னாரு. பின்னாடி வேற ஆங்கிள்ல எடுத்த வீடியோவும் வந்துச்சு, அதுல புரட்டின மாதிரி எதுவும் இல்ல. அதுக்கப்புறம் நடந்த ஒரு டாஸ்ல கேமராமேன் ஓடி வந்து தரையில கிடந்த காயினை க்ளோசப்ல காட்டினாரு. சார், எந்த காலேஜ்லயும் படிக்காம அந்த அண்ணன் கேட்டாரே ஒரு கேள்வி, "வேற ஆங்கிள் இருந்தா காட்டு", விஞ்ஞானிங்க ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்குறதும் அதேதான்.

ரசிகன் சந்தேகப்படுறான்னா அதுக்கு காரணமும் இருக்கு, அதையும் உங்க கட்டுரை சொல்லல. 2000 ஏப்ரல்ல டெல்லி போலீஸ் மேட்ச் ஃபிக்சிங்ல தென்னாப்பிரிக்கா கேப்டன் ஹான்சி குரோனியே பேரை சொன்னப்போ எத்தனை பேர் நம்பினாங்க? அவரா, சான்ஸே இல்லன்னுதான் சொன்னாங்க, அவரும் மறுத்தாரு, ஆனா ஒரு வாரம் கூட தாங்கல, நான் முழு உண்மைய சொல்லலன்னு அவரே போன் பண்ணி ஒத்துக்கிட்டாரு. 2010ல லண்டன் லார்ட்ஸ் மைதானத்துல பாகிஸ்தான் பவுலர்ஸ் காசுக்கு நோபால் போட்டாங்க, ஜெயிலுக்கே போனாங்க. அவ்வளவு ஏன், நம்ம சென்னை டீமே பெட்டிங் விவகாரத்தால 2016, 2017 ரெண்டு சீசன் சஸ்பென்ஷன்ல ஆடாம இருந்துச்சு. இதையெல்லாம் பாத்தவன்கிட்ட போய் சந்தேகமே படாதன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல.

ஆனா சந்தேகம் கிளம்புறப்போ இருக்குற சத்தம் அது முடியுறப்போ இருக்கறதில்ல, என் வருத்தமே அங்கதான். 2003 வேர்ல்ட் கப் ஃபைனல், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும், ஆஸ்திரேலியா கேப்டன் பாண்டிங் பேட்ல ஸ்பிரிங் இருந்துச்சு, மேட்சை திரும்ப நடத்தப் போறாங்கன்னு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா பரவுச்சு, இன்னிக்கும் அதை சீரியஸா சொல்றவங்க இருக்காங்க. நடந்தது என்ன, கங்குலி டாஸ் ஜெயிச்சு பவுலிங் எடுத்தாரு, ஜாகீர் கான் முதல் ஓவர்லயே 15 ரன் கொடுத்தாரு, பாண்டிங்கும் டேமியன் மார்டினும் பிரியாம 234 ரன் சேத்தாங்க, மார்டின் விரல் உடைஞ்சு போயும் ஆடி 88, நாம மொத்த டீமா சேந்து எடுத்ததும் அதே 234தான். ஸ்பிரிங் வைக்காமயே தோக்குறதுக்கு அன்னிக்கு எல்லாம் இருந்துச்சு.

இந்தியா இலங்கைய ஜெயிச்ச 2011 வேர்ல்ட் கப் ஃபைனல் கதை இதை விட மோசம், ஏன்னா அதை கிளப்பினது டீக்கடைல உக்காந்தவங்க இல்ல, இலங்கையோட முன்னாள் விளையாட்டு அமைச்சர். 2020 ஜூன்ல மஹிந்தானந்த அளுத்கமகே, இலங்கை தரப்புல அந்த மேட்சை வித்துட்டாங்கன்னு சொன்னாரு. செமிஃபைனல் ஆடின டீம்ல நாலு பேரை மாத்தினதையெல்லாம் வச்சு சந்தேகம் வளந்துச்சு, போலீஸ் ஸ்பெஷல் விசாரணை வச்சு அப்போ தேர்வுக்குழு தலைவரா இருந்த அரவிந்த டி சில்வா, அந்த மேட்ச்ல ஆடின உபுல் தரங்க, கேப்டன் சங்கக்கார எல்லாரையும் கூப்பிட்டாங்க, சங்கக்காரவ மட்டுமே மணிக்கணக்கா உக்கார வச்சு கேட்டாங்க. ஜூலை ஆரம்பத்துலயே ஆதாரம் இல்லன்னு விசாரணைய மூடிட்டாங்க, தன்கிட்டயும் எந்த ஆதாரமும் வரலன்னு ஐசிசியும் சொல்லிடுச்சு. எங்க கடைல கேட்டுப் பாருங்க, அமைச்சர் சொன்னது எல்லாருக்கும் தெரியும், விசாரணைய மூடினது ஒருத்தருக்கும் தெரியாது. இதுக்கு அவங்கள குத்தம் சொல்ல முடியுமா? முதல் செய்தி கொட்டை எழுத்துல வந்துச்சு, ரெண்டாவது எங்கயோ ஒரு மூலைல போயிடுச்சு.

ஏலியன் விஷயத்துலயும் அச்சு அசலா இதுதான் நடக்குது. 2025 ஏப்ரல்ல கேம்பிரிட்ஜ்ல இருக்குற நிக்கு மதுசூதன் குழு, 124 ஒளியாண்டு தள்ளி இருக்குற கே2-18பி கிரகத்தோட காத்துல டைமெத்தில் சல்ஃபைட் இருக்குற மாதிரி ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்ல ஒரு அறிகுறி தெரியுதுன்னு சொன்னாங்க. பூமில அந்த வாயு பெரும்பாலும் கடல்ல இருக்குற நுண்ணுயிர்கள்ட்ட இருந்து வருது, அதான் அவ்வளவு பரபரப்பு. ஆனா அவங்களே அப்பவே சொன்னாங்க, இது மூணு சிக்மா அளவுதான், அதாவது தற்செயலா இப்படி தெரியுறதுக்கு 0.3 சதவீதம் வாய்ப்பு இருக்கு, கண்டுபிடிப்புன்னு ஒத்துக்கணும்னா அஞ்சு சிக்மா வேணும்னு. எங்க கடைல இதை விளக்க எனக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகல, அம்பயர் முடிவை ரிவ்யூ பண்றப்போ வர்ற அம்பயர்ஸ் கால்னு சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாங்க. பால் ஸ்டம்ப்ல லேசா உரசுற மாதிரி காட்டும், ஆனா முடிவை மாத்துற அளவுக்கு இல்ல. அவுட்டும் உறுதியில்ல, நாட் அவுட்டும் உறுதியில்ல, ஏற்கனவே இருக்குற முடிவு அப்படியே நிக்கும். அதுக்கப்புறம் வேற குழுக்கள் அதே டேட்டாவ எடுத்து பாத்துட்டு இது அவ்வளவு உறுதியா தெரியலன்னாங்க. உயிரே இல்லாத 67பி வால்நட்சத்திரத்துலயும் அந்த வாயு இருந்ததுக்கு அதுக்கு முந்தியே ஆதாரம் வந்திருந்துச்சு. வேற்றுகிரகத்தில் உயிர்னு தலைப்பு போட்டவங்கள்ல எத்தனை பேர் இதை போட்டாங்க?

ரசிகர்கள் கூட்டத்துக்கும் ஏலியனுக்கும் நேரடியாவே ஒரு சம்பந்தம் உண்டு, அது இத்தாலியில நடந்தது. 1954 அக்டோபர் 27, ஃப்ளாரன்ஸ் ஸ்டேடியத்துல ஃபியோரென்டினா ரிசர்வ் டீமும் பிஸ்டோயேசேவும் ஃபுட்பால் ஆடிட்டு இருந்தாங்க, சுமார் பத்தாயிரம் பேர் இருந்தாங்களாம், திடீர்னு எல்லாரும் மேல பாக்குறாங்க, பிளேயர்ஸும் நின்னுட்டாங்க, மேட்ச் நின்னு போச்சு. வானத்துல முட்டை மாதிரி, சுருட்டு மாதிரி ஏதோ போச்சுன்னாங்க, வெள்ளையா பஞ்சு மாதிரி இழை இழையா கீழ விழுந்துச்சு, கைல எடுத்தா கரைஞ்சு போச்சு. ஜார்ஜோ பாட்டினிங்கிற பத்திரிகைக்காரர் கதை எழுதுறதோட நிக்கல, அந்த இழைய சேகரிச்சு ஃப்ளாரன்ஸ் பல்கலைக்கழகத்துக்கு கொண்டு போனாரு. அங்க பாத்ததுல போரான், சிலிக்கான், கால்சியம், மெக்னீசியம் இருந்துச்சு, கதிர்வீச்சு இல்ல. பிற்பாடு வந்த விளக்கம், குட்டி சிலந்திங்க நூல் விட்டு காத்துல பறந்து இடம் மாறும், அந்த நூல் கொத்து கொத்தா வெயில்ல மின்னினதுதான் அதுன்னு. சிலந்தி நூல் புரோட்டீனாச்சே, இந்த போரானும் சிலிக்கானும் எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க, அந்த கேள்வியும் நியாயமானதுதான். பத்தாயிரம் பேர் பாத்ததால அவங்க ஏதோ பாத்தாங்கங்கிறது நிச்சயம், பாத்தது என்னங்கிறதுக்கு கூட்டம் சாட்சி ஆகாது. முழு ஸ்டேடியமும் அவுட்டுன்னு கத்தினா அம்பயர் விரலை தூக்கணுமா என்ன?

சும்மா பேசுறதால என்ன பிரயோஜனம்னும் அந்த கட்டுரைல ஒரு வரி இருந்துச்சு. 1950ல அமெரிக்காவோட லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துல இயற்பியல் விஞ்ஞானி என்ரிகோ ஃபெர்மி மதியம் சாப்பிடும்போது கூட இருந்தவங்களோட பறக்கும் தட்டு பத்தி பேசிட்டு இருந்துட்டு, ஏலியன் இருந்தா எல்லாரும் எங்க தான் இருக்காங்கன்னு கேட்டாரு, எழுபது வருஷம் தாண்டியும் அந்த கேள்விக்கு பதில் தேடிட்டு இருக்காங்க. எனக்கு எங்கயோ உயிர் இருக்கும்னுதான் மனசுல படுது, ஆனா மனசுல படுறதை நான் தீர்ப்பா சொல்லக்கூடாது. நம்ம கேலக்ஸில நம்மளோட தொடர்பு கொள்ளக்கூடிய நாகரிகங்கள் எத்தனை இருக்கும்னு கணக்கு போட வானியல் விஞ்ஞானி ஃப்ராங்க் டிரேக் 1961ல போட்ட சமன்பாட்டுல ஏழு விஷயத்தை பெருக்கணும், அதுல பல நம்பர் இன்னும் யாருக்கும் தெரியாது, அதனால எங்க கடைல வர்ற விடைக்கும் பெரிய பெரிய ஆளுங்க போடுற விடைக்கும் கோடிக்கணக்குல வித்தியாசம் வந்தா அதுல ஆச்சரியமில்ல.

கிரிக்கெட்ல ரீப்ளே ஒரு நிமிஷத்துல வந்துடும், வான சாஸ்திரத்துல ரீப்ளே வர வருஷக்கணக்காகும், அது வரைக்கும் கடைல உக்காந்திருக்கவன் காத்திட்டு இருக்க மாட்டான், வேலைக்கு போயிடுவான். அவனுக்காக ஞாபகம் வச்சிருந்து சொல்ல வேண்டியது பத்திரிகை. அதனால ரசிகர்கள திட்டி ஒரு பக்கம் எழுதுறதுக்கு பதிலா, பழைய பரபரப்பு செய்தி ஒண்ணை எடுத்து அது எப்படி முடிஞ்சுச்சுன்னு வாரத்துக்கு கால் பக்கம் போடுங்க, முதல்ல எந்த பக்கத்துல எந்த சைஸ்ல போட்டீங்களோ அதே பக்கத்துல. முடியலன்னா முடியலன்னே எழுதுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. முதல் வாரத்துக்கு 2011 ஃபைனல் விசாரணைய எடுத்துக்கலாம், ரெண்டாவது வாரத்துக்கு கே2-18பி. வந்ததும் வெட்டி எங்க டீக்கடை செவுத்துல ஒட்டுறது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
ஈரோடு