பயப்படுகிற நாளில்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

அப்பாவும் நானும் சுகம். வாய்ஸ் மெசேஜில் இவ்வளவும் பேச முடியாது, நடுவில் அழுகை வந்துவிடும். அதனால் தாளில் எழுதி, அக்கா சொல்லித் தந்தபடி பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உங்கள் கப்பல் நெட்டில் இது என்றைக்கு இறங்குகிறதோ அன்றைக்குப் படி, அவசரமில்லை. இல்லை, அவசரம்தான். ஏமனின் ஹூதிகள் கப்பல்களைத் தாக்குகிற செங்கடல் வழியாக வருவாயா மாட்டாயா என்று சனிக்கிழமைக்குள் நீ கேப்டனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாயே.

முந்தாநாள் ராத்திரி போனில் கேட்டாய். “திரும்பவும் செங்கடல் வழியாத்தான் போறோமாம். எனக்குப் பயமா இருக்கும்மா. எனக்கு விசுவாசம் இல்லையோ?” நான் என்ன சொன்னேன்? “கர்த்தர் பார்த்துக்குவாரு, நீ சாப்பிட்டியா?” என்று பேச்சை மாற்றினேன். 28 வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள் நான். பதில் தெரியாத வாத்தியார் செய்கிற வேலையைத்தான் செய்தேன். போனை வைத்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரியில் நீங்கள் சூயஸ் தாண்டித் தெற்கே வந்தீர்களே, அப்போது தினமும், கப்பல்கள் இருக்கிற இடத்தைப் புள்ளியாகக் காட்டுகிற அந்த ஆப்பில் உன் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரக்குக் கப்பலுக்குப் பச்சை நிறம் என்று நீதான் காட்டித் தந்தாய். மீன்குழம்பு கொதிக்கும்போது ஒரு தடவை, கோயிலுக்குப் போகும்முன் ஒரு தடவை, படுக்கும்முன் ஒரு தடவை. ஜித்தா தாண்டி வெகுதூரம் வந்துவிட்டாய், இன்னும் இரண்டு நாளில் செங்கடலின் தெற்கு முனையில் இருக்கிற அந்த நீரிணையையும் கடந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டிருந்தேன். பாப்-எல்-மண்டேப் என்றால் அரபியில் ‘கண்ணீரின் வாசல்’ என்று அர்த்தமாம். அதை எதற்குத் தேடிப் படித்தேனோ! அன்று ராத்திரி 2 மணிக்கு முழிப்புத் தட்டிப் போனைப் பார்த்தால், புள்ளியைக் காணவில்லை.

ஆபத்தான இடம் வந்தால், இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கிற கருவியைக் கப்பல்களே அணைத்துவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. விடிந்ததும் ஏஜென்ட் ஆபீசுக்குப் போன் போட்டால், எடுத்த பையன் “அங்க டவர் இருக்காதுங்க” என்று சொல்லி வைத்துவிட்டான். “சேஃப் மா” என்று உன்னிடமிருந்து இரண்டே வார்த்தை வரும்வரை 31 மணி நேரம்.

அந்த 31 மணி நேரத்தில் எனக்கு ஜெபமே வரவில்லை, ஐயா. ஒரு ஸ்தோத்திரம்கூட நாக்கில் நிற்கவில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி ஓடியது. புறவாசல் படியில் உட்கார்ந்து, “ஆண்டவரே, அந்தப் புள்ளி. ஆண்டவரே, அந்தப் புள்ளி” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் ஜெபம். அப்பா எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். உன் அப்பா அடுப்படிக்குள் போய் எத்தனை வருஷம் ஆச்சு என்று உனக்கே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, “ஓய்வுநாள் பள்ளியில சின்னப் பிள்ளைகளுக்கு ஒண்ணு சொல்லிக் கொடுப்பியே, அதைச் சொல்லு” என்றார்.

சங்கீதம் 56. “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்.” எத்தனை பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறேன், உனக்கும் சேர்த்து. ஒவ்வொரு தடவையும் ‘நம்புவேன்’ என்ற இடத்தில்தான் குரலை உயர்த்துவேன். அன்றைக்குத்தான் அதற்கு முன்னால் இருக்கிற வார்த்தை என் காதில் விழுந்தது. பயப்படுகிற நாள் என்று ஒன்று தாவீதுக்கும் இருந்திருக்கிறது. அவன் அதை மறைக்காமல் பாட்டில் எழுதி வைத்திருக்கிறான்.

அந்தச் சங்கீதத்தின் தலைப்பைப் பார், பெலிஸ்தர் காத்தூரில் அவனைப் பிடித்தபோது பாடியது என்று இருக்கும். அங்கே என்ன நடந்தது என்று சாமுவேல் முதலாம் புத்தகம் 21-ம் அதிகாரத்தில் இருக்கிறது. ராஜாவுக்கு மிகவும் பயந்துபோய், பைத்தியக்காரன் மாதிரி நடித்து, வாசற்கதவுகளில் கீறி, தாடியில் நுரை வழிய விட்டிருக்கிறான். கோலியாத்தை விழத்தட்டிய அதே தாவீதுதான். பிளானல் போர்டில் கோலியாத்தை ஒட்டி ஒட்டி அவன் கையெல்லாம் பிய்ந்துபோகிற அளவுக்குக் கதை சொல்லியிருக்கிறேன், தாடியில் நுரை வழிந்த தாவீதை ஒரு நாளும் ஒட்டிக் காட்டியதில்லை. சொல்லிக் கொடுத்திருந்தால் முந்தாநாள் நீ அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாய்.

இன்னொரு தப்பும் பண்ணினேன். நீ செய்தி அனுப்பிய மறுநாள் உபவாச ஜெபத்தில் எழுந்து சாட்சி சொன்னேன். “மகனைப் பற்றித் தகவல் இல்லாத நேரத்திலும் ஆண்டவர் எனக்குப் பூரண சமாதானம் தந்தார்” என்று. எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். சமாதானமா? சாப்பிட்டது தங்காமல் இரண்டு தடவை வாந்தி எடுத்தவள் நான். “விசுவாசம் உள்ள வீட்டுக்குள்ள பயம் எப்படி வரும்?” என்று அங்கே ஒரு அக்கா எப்போதும் சொல்வார்கள். அவர்கள் முன்னால் குறைந்து நிற்க எனக்கு மனசில்லை. கோயிலுக்குள் நின்று சொன்ன பொய் அது. உனக்கு உன் பயம் விசுவாசக் குறைவாகத் தெரிகிறது என்றால், என் மாதிரி ஆட்கள் சொல்லிவைத்த சாட்சிகளும் அதற்கு ஒரு காரணம்.

பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு “திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்” என்று மாற்கு எழுதியிருக்கிறார். அவருக்கே திகில் வந்ததென்றால், மூன்றாம் இன்ஜினியர் உனக்கு வருவதற்கு என்ன?

சரி, இனி சொல்லப் போவது எனக்கே கஷ்டமான விஷயம்.

வருஷப் பிறப்பு ராத்திரி ஆராதனையில் உன் பெயரைச் சொல்லி, வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை ஒன்று எடுத்தேன். ஏசாயா 43. “நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்.” கப்பல்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று துள்ளினேன். அந்த அட்டையை இன்சூரன்ஸ் பத்திரம் மாதிரி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அப்புறம் 2024 மார்ச் 6-ம் தேதி ட்ரூ கான்ஃபிடன்ஸ் என்ற கப்பலில் ஏவுகணை விழுந்து மூன்று பேர் செத்துப்போனார்கள். இரண்டு பேர் பிலிப்பைன்ஸ், ஒருவர் வியட்நாம். மீதிப் பேரை நம்முடைய ஐ.என்.எஸ். கொல்கத்தா போய்க் காப்பாற்றியது. ஜூன் 12-ம் தேதி டியூட்டர் என்ற கப்பலின் பின்பக்கத்தில் ஆளில்லாப் படகு மோதி, எஞ்சின் ரூமுக்குள் தண்ணீர் புகுந்து, ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமியைக் காணவில்லை. எஞ்சின் ரூமில் இருந்தவர். நீ வேலை பார்க்கிற இடம். உன் பயம் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அந்த மனிதரின் தாய் ஜெபித்திருக்க மாட்டாளா? பிலிப்பைன்ஸ்காரர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். அவளும் கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு எங்கேயோ ஒரு படியில் உட்கார்ந்திருப்பாள். என் பிள்ளையைக் காத்தார் என்று நான் சாட்சி சொன்னால், அவள் என்ன சொல்வாள்? இதை நான் நம் சபைப் போதகர் ஐயரிடமும் கேட்டேன். அவர் நல்லவர், சட்டென்று ஒரு பதிலைச் சொல்லி என்னை அனுப்பிவிடவில்லை. அப்போஸ்தலர் 12-ம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். ஏரோது ராஜா இயேசுவின் சீடர் யாக்கோபை வாளால் கொன்றான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் வந்து சிறையிலிருந்து வெளியே கூட்டிப் போனான். இரண்டு பேரையும் நேசித்தது ஒரே சபைதான். காரணம் எழுதியிருக்கவில்லை.

அட்டையை வெளியே எடுத்துத் திரும்ப வாசித்தேன். ‘கடக்கும்போது’ என்றுதான் இருக்கிறது. தண்ணீரே வராது என்று அதில் எழுதியிருந்ததாக நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன், பால் கணக்குப் பக்கத்தில். உன் பெயருக்குக் கீழே அந்த மாலுமிக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறேன். பெயர் தெரியாததால் வெறும் கோடு.

நீ கேடட்டாக இருந்து முதல் லீவுக்கு வந்தபோது, அப்போஸ்தலர் 27-ஐ நீயும் நானும் சேர்ந்து வாசித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பவுல் போன கப்பல் யூரோக்கிலிதோன் காற்றில் மாட்டிய கதை. நான் ஆவிக்குரிய அர்த்தம் தேடிக்கொண்டிருந்தேன், நீ கப்பல் வேலையை விளக்கிக்கொண்டிருந்தாய். இருபது பாகம் ஆழம், கொஞ்ச தூரம் போனதும் பதினைந்து பாகம், அப்படியென்றால் கரை நெருங்குகிறது என்றாய். நங்கூரத்தை ஏன் பின்னணியத்திலிருந்து போட்டார்கள் என்று நான் கேட்டதற்கு, முன்பக்கம் போட்டால் காற்று கப்பலைத் திருப்பிவிடும், விடிந்ததும் நேரே கரையில் ஏற்ற வேண்டும் என்றால் இப்படித்தான் போடணும் என்று சோற்றுத்தட்டில் முருங்கைக்காயை வைத்துக் காட்டினாய்.

இந்த வாரம் அதைத் திரும்ப எடுத்து வாசித்தேன். அன்றைக்கு நான் கவனிக்காத இரண்டு விஷயம் கிடைத்தது. தூதன் வந்து “பவுலே, பயப்படாதே” என்கிறான். பயப்படாத ஆளிடம் யாராவது வந்து அப்படிச் சொல்வார்களா? இன்னொன்று, உயிர்ச்சேதம் வராது என்று வாக்கு வந்த பிறகும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆழம் பார்த்தார்கள், நாலு நங்கூரம் போட்டார்கள், பொழுது எப்போது விடியுமோ என்று காத்திருந்தார்கள். பதினாலு நாள் பட்டினி கிடந்தவர்களிடம் பவுல் பிரசங்கம் பண்ணாமல், முதலில் சாப்பிடுங்கள் என்று அப்பத்தைப் பிட்டார். 276 பேரும் கரை சேர்ந்தார்கள். கப்பல் என்னவோ உடைந்துதான் போனது.

உன் தாத்தாவிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு வேளை பனை ஏறினவர். ஏறுமுன் ஒவ்வொரு மரத்தடியிலும் “இயேசுவே” என்று ஒரு சொல். சொல்லிவிட்டுக் காலில் மாட்டுகிற தளைநாரை இழுத்துப் பார்ப்பார், மரத்தில் சாய்த்து வைக்கிற முருக்குத்தடியை ஆட்டிப் பார்ப்பார். “ஆண்டவரைக் கூப்பிட்டாச்சே, அப்புறம் எதுக்கு மாமா தளைநாரைப் பார்க்கீங்க?” என்று புதுப்பெண்ணாக வந்த நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன். “பயந்தவன்தாம்மா அதைத் தொட்டுப் பார்ப்பான்” என்றார். அறுபது வயது வரை ஏறினார்.

அதனால், சனிக்கிழமை விஷயம். அந்தப் பகுதிக்குப் போக மறுத்து இறங்கிக்கொள்ளலாம் என்று உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றாய். மறுத்தால் அது விசுவாசத் துரோகம் என்று நினைத்து நீ போகாதே. தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள், அவரும் கூடைக்குள் உட்கார்ந்து தப்பித்தார். அதே பவுல்தான் பிறகு ரோமாபுரிக்குக் கப்பல் ஏறினதும். எந்த நாள் கூடை, எந்த நாள் கப்பல் என்று எனக்குத் தெரியாது. நீ ஜெபித்துப் பார், சீஃப் இன்ஜினியரிடமும் பேசிப் பார், நன்றாகத் தூங்கி எழுந்து முடிவெடு. சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று படுத்த எலியாவுக்கு ஆண்டவர் புத்திமதி சொல்வதற்கு முன்னால் சுட்ட அடையும் தண்ணீரும்தான் கொடுத்தார், தூங்கவும் விட்டார். வீட்டுக் கடனை மனசில் வைத்து முடிவெடுக்காதே. அதை அப்பாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம், பென்ஷனில் சமாளிக்கலாம்.

போவதென்று முடிவு பண்ணினால் எனக்கு ஒன்று மட்டும் செய். புள்ளி மறையப் போகிற நாளை முன்கூட்டியே சொல்லிவிடு. நான் பயப்படத்தான் செய்வேன், சொல்லாமல் விட்டால் குறைந்துவிடப் போவதில்லை. எந்த நேரம் உனக்கு எஞ்சின் ரூமில் வாட்ச் டியூட்டி என்றும் எழுது. அந்த நேரம் நாங்கள் இருவரும் படியில் உட்கார்ந்திருப்போம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் இருக்கிறது. பிப்ரவரியில் சொன்ன சாட்சியைத் திருத்திச் சொல்லப் போகிறேன், வாந்தி எடுத்தது உட்பட. “அதெல்லாம் எதுக்கு இப்ப?” என்கிறார் அப்பா. அந்த அக்கா முதல் வரிசையில்தான் உட்காருவார்கள். இப்போதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நீயும் எனக்காக ஜெபித்துக்கொள், ஐயா.

அன்புடன்,
அம்மா