அப்பாவைக் கேட்டியா அண்ணா?

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நல்லா இருக்கிறேன். அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? அப்பா மறுபடி கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிற பேச்சைப் போனில் எடுத்தாலே நீ கத்துகிறாய், நானும் பதிலுக்குக் கத்திவிட்டு கட் பண்ணிவிடுகிறேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு நிதானமாகப் படி.

இங்கே ஜெர்மனியில், டார்ட்மண்டில் குளிர் இன்னும் விடவில்லை. ஆனால் ஈழத் தமிழர் கடையில் கேழ்வரகு மாவு கிடைக்கிறது, லீவு நாளில் களி கிண்டிக்கொள்கிறேன், கீரைக் கடைசலுக்குப் பாலக்கீரைதான், நம்ம வீட்டு ருசி வராது, போகட்டும். பக்கத்து ஊரான ஹாமில் காமாட்சியம்மன் கோயில் இருக்கிறது, கோபுரமெல்லாம் நம்ம ஊர் மாதிரியே கட்டியிருக்கிறார்கள். ஜெர்மன் மொழிப் பரீட்சை, நம்ம ஊர் நர்ஸ் படிப்புக்கான அங்கீகாரப் பரீட்சை எல்லாம் முடிந்துவிட்டதால் இப்போது முழு நர்ஸ் சம்பளம். வேலை அதே முதியோர் இல்லத்தில்தான்.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்பது தாண்டிய ஒரு பெரியவர், மனைவி இறந்து ரொம்ப வருஷம் ஆகிறது. மூணாவது மாடியில் ஒரு பாட்டி, அவரும் தனியாள். ரெண்டு பேரும் மதியத்தில் சீட்டு விளையாடி விளையாடிக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்றார்கள். இந்த நாட்டில் விதவை மறுமணம் செய்தால் இறந்த கணவர் வழியில் வரும் பென்ஷன் நின்றுவிடும், ரெண்டு வருஷத் தொகையை மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். அது தெரிந்தும் அந்தப் பாட்டி சரி என்றார். உடனே பெரியவரின் மகள், அப்பாவுக்கு மறதி நோய், அந்தம்மா சொத்துக்காகத்தான் வருகிறார், என்னைக் கார்டியனாக, அதாவது அவர் காரியங்களைப் பார்க்கும் சட்டப் பொறுப்பாளராகப் போடுங்கள் என்று கோர்ட்டில் மனு கொடுத்துவிட்டார். எங்கேயோ கேட்ட வசனம் மாதிரி இல்லை?

இங்கே கார்டியன் போடுவதற்கு முன்னால் டாக்டர் அறிக்கை வாங்க வேண்டும், அது போக நீதிபதியே அந்த மனிதரை நேரில் பார்த்துப் பேச வேண்டும், அது சட்டம். நீதிபதி என்றால் நானும் கறுப்பு அங்கி எதிர்பார்த்தேன். சைக்கிள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்தார். பெரியவர் என்னைக் கூடவே இருக்கச் சொன்னதால் நான் ஜன்னல் ஓரமாக நின்றேன். அவருக்கு வலது காது கேட்காது, அதைத் தெரிந்துகொண்டு அந்த நீதிபதி நாற்காலியைத் தூக்கி இடது பக்கம் போட்டுக்கொண்டார். இன்று என்ன கிழமை என்றார். பெரியவர் தப்பாகச் சொன்னார். மாசம் எவ்வளவு பென்ஷன் வருகிறது, இல்லத்துக்கு எவ்வளவு போகிறது என்றார். அதைச் சரியாகச் சொன்னார், போன வருஷம் வாடகை ஏற்றிவிட்டார்கள் என்று புகாரும் சொன்னார். மகள் உங்கள் காரியங்களைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, "ஞாயிற்றுக்கிழமை வரட்டும், கேக் கொண்டு வரட்டும், பேங்க் புத்தகம் வேண்டாம்" என்றார். கல்யாணம் ஏன் என்று கேட்டார். அவர் என்னைக் கைகாட்டி, "ராத்திரி பெல் அடித்தால் இவர்கள் பத்து நிமிஷம் கழித்து வருகிறார்கள், அவள் உடனே வருவாள்" என்றார். எனக்கு மூஞ்சியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கடைசியில் பணக்காரியத்துக்கு மட்டும் வெளியாள் ஒருவரை நியமித்தார்கள், அவரும் பெரியவர் விருப்பம் என்ன என்று கேட்டுத்தான் செய்ய வேண்டும். கல்யாணத்திலும் உயிலிலும் கார்டியன் குறுக்கே வர இங்கே சட்டத்தில் இடமே இல்லை. பதிவு அதிகாரி கல்யாணம் என்றால் என்னவென்று அவருக்குப் புரிகிறதா என்பதை மட்டும் பார்த்தார். எங்கள் சாப்பாட்டு ஹாலிலேயே கையெழுத்துப் போட்டார்கள். மகள் வரவில்லை. அந்த மகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வாராவாரம் வந்து அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டவர்தான் அவரும்.

சரி, நம்ம கதைக்கு வருகிறேன். அப்பாவைத் தர்மபுரிக்குக் கூட்டிப்போய் மனநல டாக்டரிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கி, கோர்ட்டில் உன்னைக் கார்டியனாகப் போடச் சொல்லப் போவதாக அண்ணி வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதே. எனக்குத் தெரிந்த வக்கீல் அக்காவிடம் கேட்டேன். 2017-இல் வந்த மனநலச் சட்டப்படி, ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று டாக்டர் எழுதினால்கூட அவர் புத்தி சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், அதைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும். கோமாவில் கிடப்பவர்களுக்கு மனைவியோ பிள்ளையோ ஹைகோர்ட் வரைக்கும் போய்க் கார்டியன் உத்தரவு வாங்குகிறார்கள். நம்ம அப்பா காலையில் எழுந்து மாந்தோப்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, பெங்களூரா காய்க்கு மாம்பழக்கூழ் கம்பெனிக்காரன் இந்த வருஷம் என்ன விலை சொல்கிறான் என்று சண்டை போட்டுவிட்டு வருகிற மனுஷன். ரெண்டு தடவை கேஸை அணைக்க மறந்தார், சாவியை எங்கேயோ வைத்தார், உண்மைதான். அதற்கு ஆள் கூட இருந்தால் போதும். நீ ஓசூரிலிருந்து ஞாயிறு மட்டும் வருகிறாய், நான் வருஷத்துக்கு ஒரு தடவை, மிச்ச நாளெல்லாம் அவர் காவேரிப்பட்டணத்தில் மெஸ் சாப்பாடும் சுகர் மாத்திரையுமாகக் கிடக்கிறார்.

அப்பா கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிற அந்தம்மாவை யாரோ தெரியாதவர் மாதிரிப் பேசுகிறாய். அவர் வீட்டுக்காரர் அப்பாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். வருஷா வருஷம் பென்ஷன் நேர்காணலுக்குக் கருவூலத்துக்குப் போனபோது வரிசையில் பேசிப் பழகியிருக்கிறார்கள், அப்பாவே எனக்குச் சொன்னார், சொல்லும்போது கொஞ்சம் வெட்கம் வேறு. மறுமணம் செய்தால் அவருடைய குடும்ப பென்ஷனும் நின்றுபோகும். மாதம் வருகிற நிச்சயமான காசை விட்டுவிட்டு, ரெண்டரை ஏக்கர் மாந்தோப்பில் பங்கு வாங்கலாம் என்று எந்தப் பொம்பளை கணக்குப் போடுவாள்?

பங்கு என்று வந்துவிட்டதால் அதையும் பேசிவிடலாம். அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தால் 1956 வாரிசுச் சட்டப்படி மனைவிக்கும் உனக்கும் எனக்கும் சம பங்கு, அது நிஜம். ஆனால் தோப்பும் வீடும் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. இந்த ஜெர்மனியில் பிள்ளைகளை அப்படியே ஒதுக்கிவிட முடியாது, கட்டாயப் பங்கு என்று ஒன்று கொடுத்தாக வேண்டும். நம்ம ஊரில் சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், உன்னையும் என்னையும் விட்டுவிட்டுக்கூட எழுதலாம். அப்படிப்பட்ட ஆளைப் பைத்தியம் என்று நிரூபிக்கக் கிளம்புகிறாயே, அவர் கோபத்தை மறந்துவிட்டாயா?

வீட்டை உன் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதினாரே, அந்தப் பத்திரத்தை எடுத்துப் படி. கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும், எழுதின அன்று நானும் சார்பதிவாளர் ஆபீசில் இருந்தேன். 2007 முதியோர் பராமரிப்புச் சட்டம் பிரிவு 23-இன்படி, அந்த வரியை வைத்தே அப்பா கிருஷ்ணகிரி வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) ஒரு மனு கொடுத்தால் பத்திரத்தை ரத்து செய்ய வழி இருக்கிறது. இந்தப் பிரிவைப் பெரியவர்களுக்குச் சாதகமாகத்தான் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. அப்பா அப்படிப் போகமாட்டார். ஆனால் நீ டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனால் போவார்.

ஊர் என்ன சொல்லும் என்கிறாய். ரெண்டு வாரம் டீக்கடையில் பேசுவார்கள், அப்புறம் மாங்காய் விலையைப் பேசப் போய்விடுவார்கள். அம்மா இடத்தில் இன்னொருத்தரா என்பதுதான் உன் வருத்தம் என்றால் அதை நேராகச் சொல், எனக்கும் அது இருக்கிறது. அம்மா படத்தைக் கூடத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று நான் அப்பாவிடம் கேட்டேன், எடுக்கவே மாட்டேன் என்றார்.

இவ்வளவு பேசிய நம்மில் யாராவது அந்த நீதிபதி மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேணும்ப்பா என்று கேட்டோமா? வருகிற ஞாயிறு நீ கேள். அண்ணி வேண்டாம், சித்தப்பா வேண்டாம், நீ மட்டும். பதில் பிடிக்கவில்லை என்றாலும் அன்றைக்கு எதிர்த்துப் பேசாமல் வா.

செட்டில்மென்ட் பத்திரத்தின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பு. உயில் எழுதுவதைப் பற்றி அப்பாவிடம் நான் பேசுகிறேன், கல்யாணத்துக்கு முன்னாலேயே அதை முடித்துவிட்டால் உனக்கும் நிம்மதி, அந்தம்மாவுக்கும் கௌரவம். எனக்கு இங்கே லீவு ரொம்ப முன்னாடியே எழுதிக் கொடுக்க வேண்டும், அதனால் அப்பா ஏதாவது தேதி சொன்னால் அன்றைக்கே போன் பண்ணு.

இப்படிக்கு,
உன் தங்கச்சி