டர்பன் வீட்டு வாசலில் காந்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காந்தி ஜயந்தியை ஒட்டி ஆண்டுதோறும் வெளியாகும் கட்டுரைகள் பெரும்பாலும் அவரைப் பிழையே செய்யாத பிறவியாகக் காட்டுகின்றன. ஆனால், 1925 முதல் 1929 வரை ‘நவஜீவன்’ இதழில் தொடராக வந்த தன்வரலாற்றில், 1898இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருந்த வீட்டில் தாம் நடந்துகொண்ட விதத்தை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். உடன் தங்கியிருந்த, தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட பஞ்சமர் குலப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவ குமாஸ்தாவின் சிறுநீர்க் கலயத்தைக் கஸ்தூர்பா கண்ணீருடன் எடுத்துவந்தபோது, அதை மகிழ்ச்சியோடு செய்ய வேண்டும் என்று சினந்த காந்தி, மனைவியின் கையைப் பற்றி வாயில்வரை இழுத்துச் சென்று, கதவைத் திறந்து வெளியே தள்ளவும் முற்பட்டார். உங்களுக்கு வெட்கமில்லையா, பெற்றவர்களும் உறவினர்களும் இல்லாத இந்த ஊரில் நான் எங்கே போவேன் என்று அந்த அம்மையார் கேட்ட பிறகே நாணமுற்றுக் கதவைச் சாத்தினார்.

கொள்கையில் நியாயம் அவர் பக்கம் இருந்தது. நடத்தையில் இல்லை என்பதே என் எண்ணம். தம் கோபத்தின் சரியான காரணத்தையே அதற்கு மன்னிப்பாகக் கொள்ளும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு (என் வீடும் விலக்கல்ல) என்பதால், சிலையாக நிற்கும் காந்தியைவிட வாசலில் தலைகுனிந்த இந்தக் கணவரே எனக்கு நெருக்கமானவராகத் தெரிகிறார். அடுத்த அக்டோபர் 2 சிறப்பிதழின் மாணவர் பகுதியில் இந்நிகழ்ச்சிக்கும் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மதுரை