புதுப் பாக்டீரியா என்றால் பயமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனிதக் குடலில் புது பாக்டீரியா இனம் கண்டுபிடித்தால், தலைப்பில் உடனே ‘கிருமி’ என்று வந்துவிடுகிறது. போன வாரம் ஆயர் ஈத்தாம் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, இதுக்கும் ஊசி போடணுமா?” என்று கேட்டார். நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிரிப்பதா, விளக்குவதா என்று தெரியவில்லை.

குடல் பாக்டீரியாக்களில் பல, காற்றுப் பட்டாலே செத்துவிடும் ஜாதி. ஆக்சிஜன் இல்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகக் கைவிட்டு, ஊசிமுனை அளவுப் புள்ளியாகத் தட்டில் வளர்த்தெடுக்க வேண்டும். அப்புறம் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து, தெரிந்த இனங்களோடு ஒப்பிடுவார்கள். ஒற்றுமை சுமார் 95 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் புது இனம். அதோடு விடுவார்களா? உயிருள்ள மாதிரியை இரு வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைத்தால்தான் பெயர் செல்லும்.

உதாரணத்துக்கு, 2004-இல் நெதர்லாந்தில் விவரிக்கப்பட்ட அக்கர்மான்சியா மியூசினிஃபிலா என்ற பாக்டீரியா, குடற்சுவரின் சளிப்படலத்தைத் தின்று வாழ்வது. அந்நாட்டு நுண்ணுயிரியலாளர் அக்கர்மான்ஸின் பெயரைத் தாங்கியது. மரபணுத் தொகுதி ஏறக்குறைய 27 லட்சம் டி.என்.ஏ. எழுத்து. நலமாக இருப்பவர்கள் பலரின் வயிற்றிலும் இருக்கிறது; அந்தப் பெரியவர் வயிற்றிலும் இருக்கலாம்!

அடுத்த முறை ‘நுண்ணுயிர்’ என்றே போடுங்கள், ஐயா. இடமிருந்தால் இந்தப் பெயர்க் கதையையும் நாலு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு