ஞாயிறு சைக்கிள் ரைடு: மகாபலிபுரம்

நண்பர்களே, ஞாயிறு காலை 4.45க்குத் திருவான்மியூர் பஸ் ஸ்டாண்ட் எதிரில் கிளம்புகிறோம். ‘இதோ வந்துட்டேன்’ என்று படுக்கையிலிருந்தே மெசேஜ் போடுபவருக்காகக் காத்திருக்க மாட்டோம். யாரென்று அவருக்கே தெரியும். போக வர சுமார் 90 கிலோமீட்டர்.

மார்கழி வாடைக்காற்று போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். அதனால் போகையில் யாரும் வீரம் காட்டாதீர்கள். முட்டுக்காடு பாலத்தில் பக்கக்காற்று, ஹேண்டில்பாரில் இரண்டு கையும் இருக்கட்டும்.

ஹெல்மெட், பின்விளக்கு கட்டாயம். ஸ்பேர் டியூப் அவரவர் டயர் அளவில் கொண்டுவாருங்கள். போன வாரம் பஞ்சராகி நின்ற என் ரோடு பைக்குக்கு ஒரு புண்ணியவான் அளவே பொருந்தாத 26 இன்ச் டியூபை நீட்டினார்!

டிபன் திரும்பும்போது கோவளத்தில். பொங்கல் வேண்டாம், மீதித் தூரம் தூங்கி வழிவீர்கள். வருகிறவர்கள் சனி இரவு 8 மணிக்குள் கட்டைவிரல் போடுங்கள்.