விழுகிற பல்லுத்தானே என்று விடாதே

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள பிள்ளைக்கு,

வட்ஸ்அப்பில் நீ அனுப்பிய பேத்தியின் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். கீழ் முரசில் வெள்ளையாகக் கீறிக்கொண்டு வருவது பல்லுத்தான். ஏழாம் மாதம் நடக்கிறது, கீழே நடுவில் இரண்டும் முதலில் வருவதுதான் வழமை. சிலதுக்கு நாலாம் மாதத்திலேயே வரும், சிலதுக்கு ஒரு வயதும் தாண்டும். மச்சாளின் பெடியனோடு ஒத்துப் பார்க்கிற வேலை வேண்டாம்.

வீணி வடிகிறது, கண்டதையும் கடிக்கிறாள், இரவில் சிணுங்குகிறாள் என்றால் சரி, அது பல்லுக்குத்தான். ஆனால் "காய்ச்சலும் பல்லுக்குத்தானே அம்மா" என்றாயே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உடம்பு லேசாகச் சுடலாம். 38 பாகை வந்தாலோ, வயிற்றாலே போனாலோ, பால் குடிக்க மறுத்தாலோ டொக்டரிடம் காட்டு. உன்னிடமிருந்து அவளுக்குக் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குறைகிறதும், கண்டதை வாயில் வைக்கிறதும், பல்லு முளைக்கிறதும் எல்லாம் ஒரே வயதில் வருவதால் பல்லின் தலையில் பழியைப் போட்டுவிடுகிறோம். இங்கேயும் சனம் அப்படித்தான்.

முரசு கடித்தால் கையை நன்றாகக் கழுவிவிட்டு விரலால் மெதுவாகத் தேய்த்துவிடு, இல்லையென்றால் சின்னத் துவாயை நனைத்துப் பிறிட்ஜில் வைத்துக் கடிக்கக் கொடு. ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கட்டியாக்கிக் கொடுக்காதே. விறைக்கப் பண்ணும் ஜெல், கழுத்தில் போடும் மணிமாலை இரண்டும் வேண்டாம், மாலை கழுத்தை இறுக்கினால் யார் பதில் சொல்வது? மாமி தேன் தடவச் சொன்னாவாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது பிள்ளை, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்தச் சின்னக் குடலுக்குள் வளர்ந்து நஞ்சாகும். மாமியோடு வாக்குவாதப்படாமல் டொக்டர் வேண்டாமென்றார் என்று சொல்லிவிடு.

இனித்தான் முக்கியமான விஷயம். முதல் பல்லு தெரிந்த நாளிலேயே பிரஷ் வாங்கு. சூத்தையைத் தடுக்கிற புளோரைட் ஆயிரம் பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு, குறையாமல் உள்ள பேஸ்ட், ஓர் அரிசி மணி அளவு, காலையும் படுக்கப் போகுமுன்னும். மூன்று வயதுக்குப் பிறகு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நிறையப் பிதுக்குவது பேஸ்ட் விற்கத்தான். அனுராதபுரம், வவுனியாப் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் கூடிப் பிள்ளைகளின் பல்லு கறைபிடிக்கிறதே என்று கேட்டாய். முரசுக்குள் பல்லு உருவாகிற வயதில் நாளாந்தம் அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் வருவது அது, அதனால்தான் இந்த அரிசி மணிக் கணக்கு.

பால் போத்தலை வாயில் வைத்தபடி நித்திரையாக்காதே. நித்திரையில் எச்சில் குறைவு, பால் மேல் முன்பல்லுகளைச் சுற்றித் தேங்கி நிற்கும், சூத்தை அங்கேதான் தொடங்கும். கீழ்ப்பல்லை நாக்கு மூடிக் காக்கும். இடைக்கிடை மேலுதட்டைத் தூக்கிப் பார், முரசின் ஓரமாகச் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் ஆரம்பம், மண்ணிறமாகும் வரை காத்திராதே. றஸ்க்கிலும் சீனி இருக்கிறது, பைக்கற்றைத் திருப்பி வாசி.

விழுகிற பல்லுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று மருமகன் கேட்டாராம். 20 பாற்பல்லில் கடைவாயில் இருப்பவை பத்து, பன்னிரண்டு வயது வரை நிற்கும் என்று சொல். அவை சூத்தையாகி முந்திப் போனால் பக்கத்துப் பல்லு சாய்ந்து, பின்னால் வருவதற்கு இடமில்லாமல் கோணிக்கொண்டு வரும். ஆறு வயதளவில் பாற்பல்லு வரிசைக்குப் பின்னால் முளைக்கிற கடைவாய்ப்பல்லைப் பாற்பல்லு என்று நினைத்துக் கவனிக்காமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல்லு. லண்டனில் 18 வயது வரை என்எச்எஸ் என்ற அரச வைத்திய சேவையில் பிள்ளைகளுக்குப் பல்லு வைத்தியம் இலவசம்தானே, முதலாவது பிறந்தநாளுக்கு முன் ஒருதரம் காட்டிவிடு. இடம் கிடைக்கச் சுணங்கும் என்றால் இப்போதே பதிந்து வை.

அப்புறம் முதல் பல்லுக்குச் செய்கிற பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு. மண்டபம், கேக், போட்டோக்காரன் ஒன்றும் தேவையில்லை. அவித்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை, ஏலக்காய் உள்ளே, மடித்த ஓரத்தில் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் போல வரிசையாகக் குத்து. அவளைப் பாயில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணியைப் பிடித்துக் கொழுக்கட்டையைக் கொட்டியவுடனே சொட்டு குத்தியதை எல்லாம் பொறுக்கி எடுத்துவிடு, அவள் ஒன்றை வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். தட்டத்தில் புத்தகம், பேனை, சங்கிலி எல்லாம் வை, எதைத் தூக்குகிறாள் என்று நான் வீடியோவில் பார்க்க வேண்டும். நாள் பார்த்துச் சொல்கிறேன். தேங்காய் வாங்கும்போது குலுக்கிப் பார்த்து வாங்கச் சொல்லு மருமகனை.

அன்புடன்,
அம்மா