மகளின் நாவலைப் படித்துவிட்டு

கொழிஞ்சாம்பாறை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய அறிவியல் புனைகதையின் கைப்பிரதியை முழுவதும் படித்து முடித்தேன். மீராவின் அடையாளத்தை அரசுக் கணினியிலிருந்து நீக்கிய அதிகாரியை, அவளுடைய காதலி யாழினி அதே கணினியைக் கொண்டு இல்லாதவனாக்குகிறாள் என்று முடித்திருக்கிறாய். அந்த முடிவை மட்டும் என் மனம் ஏற்கவில்லை.

சேவை மையத்தில் கைரேகைக் கருவியோடு நாள் முழுவதும் இருப்பவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். அந்தக் கருவி விரலின் படத்தை அப்படியே ஒப்பிடுவதில்லை. ரேகைகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்ற புள்ளிகளை எடுத்து, முன்பே பதிந்தவற்றோடு பொருத்திப் பார்த்து மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் வரம்பைத் தாண்டினால் நீ நீதான், தாண்டாவிட்டால் நீ யாரோ. செங்கல் சூளையில் வேலை செய்யும் பெண்களின் ரேகை தேய்ந்திருப்பதால், அவர்கள் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து மறுபடியும் வைத்துப் பார்ப்பார்கள். மீராவும் அப்படித்தான் நிற்கிறாள், ஆனால் நீ அதை ஒரே வரியில் கடந்துவிட்டாய். கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. அவளுடைய தவிப்பு அங்கேதான் இருக்கிறது.

பழிவாங்குவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. கணினி அறிவியலுக்கு அடித்தளமிட்ட ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆலன் டூரிங், இயந்திரத்தால் சிந்திக்க முடியுமா என்று கேட்டு 1950இல் எழுதிய கட்டுரையை, வேறு அறையில் இருக்கும் இருவரில் யார் ஆண், யார் பெண் என்று எழுத்துப் பதில்களைக் கொண்டே கண்டுபிடிக்கும் ஒரு விளையாட்டிலிருந்துதான் தொடங்கினார். இன்னொரு ஆணோடு உறவு கொண்டார் என்று 1952இல் அவரையே குற்றவாளியாக்கி, சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சையை ஏற்க வைத்தார்கள். 1954இல், 41 வயதில் அவர் இறந்தார். 2013இல் அவருக்கு அரச மன்னிப்பு வழங்கினார்கள். கொடுமை செய்தவர்கள் அவரை மன்னித்தார்களாம்! அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. யாழினியின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் அவள் அந்த வரம்பை உயர்த்தி அதிகாரியை 'யாரோ' ஆக்கும்போது, மனிதரை மதிப்பெண்ணால் துடைத்தெறியலாம் என்ற அவனுடைய கொள்கைக்கு அவளும் உடன்பட்டுவிடுகிறாள். அதோடு, பெயரே இல்லாதவனை எந்தக் கூண்டில் ஏற்றுவது? அவன் தன் பெயரோடும் பதவியோடும் நின்று, செய்ததை ஊரறியச் சொல்ல வேண்டும் அல்லவா?

காதலுக்கு நீ கொடுத்திருக்கும் இடமும் போதாது, கண்ணு. எந்தக் கருவிக்கும் தெரியாதவளாகிவிட்ட மீரா நள்ளிரவில் படியேறி வரும்போது, விளக்குப் போடும் முன்பே அவளுடைய இருமலைக் கேட்டு யாழினி கதவைத் திறக்கிறாளே, நாவலிலேயே சிறந்த இடம் அதுதான். அவர்கள் சமைப்பதையும் சண்டை போடுவதையும் வாடகைக்கு வீடு தேடுவதையும் நாங்கள் பார்க்க வேண்டும். அப்போதுதான் பறிபோனது எதுவென்று தெரியும்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபால் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தபோது நீ தொலைபேசியில் அழுததும், 2023 அக்டோபர் 17 அன்று திருமண உரிமையைத் தர மறுத்தபோது ஒன்றும் பேசாமல் இருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. எதிர்காலத்தைப் பற்றி எழுதும் உனக்கு அந்தத் திருமணப் பதிவேட்டைத் திறக்க யார் தடை? கணினியில் மீராவின் பெயரை நீக்கிய அந்த அதிகாரியே, எல்லோரும் பார்க்க, இருவர் பெயரையும் தம்பதியராகச் சேர்த்துப் பதியட்டும். அவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தோன்றவில்லை.

இதை உன் துணைவியிடமும் படித்துக்காட்டி, அவள் என்ன சொல்கிறாள் என்று எழுது. கடைசி மூன்று அத்தியாயங்களைத் திருத்தியதும் அச்செடுத்து அனுப்பு. பொங்கலுக்கு இருவரும் சேர்ந்து வாருங்கள். அப்பாவும் அதையேதான் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா